அண்டி ஆபீஸில் தொடங்கி ஐ.நா. வரை: பள்ளியில் உலக அறிவு வகுப்பு நடத்த முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடவேளை வீதம் சில ஆண்டுகளாக இந்த வகுப்பை எடுத்துவருகிறேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாளே ஐ.நா. சபை, கொடிகள், தலைநகரங்கள் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் பிள்ளைகள் போட்டிபோட்டு மனப்பாடம் செய்வார்கள். மூன்றாம் வாரம் கொட்டாவிதான்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு வரிசையைத் தலைகீழாக்கினேன்: வீடு, வரைபடம், ஒரு பொருள், கடல், செய்தி, கடைசியில் ஐ.நா. தலைப்பில் உள்ள அண்டி ஆபீஸ், முந்திரி ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர். கீழே உள்ள படிகள் பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குப் போதும். வரிசையை மாற்றாதீர்கள், காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு உலக உருண்டை, ஒரு பெரிய உலக வரைபடம், நூல்கண்டு, குண்டூசி, ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஸ்மார்ட் வகுப்பறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.

உருண்டையை வாங்கும்போதே இந்தியாவின் எல்லைக்கோட்டைப் பாருங்கள். வெளிநாட்டில் அச்சான சில உருண்டைகளிலும் அட்லஸ்களிலும் ஜம்மு காஷ்மீர், அருணாசலப் பிரதேச எல்லைகள் வேறு மாதிரி இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத எதையும் சுவரில் மாட்டாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைப் பார்த்துவிட்டால் வகுப்பே நின்றுபோகும்.

தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும்போது ‘உலகளாவிய விழிப்புணர்வு’ என்றெல்லாம் பேசாதீர்கள். பத்தாம் வகுப்புக் குடிமையியலில் வெளியுறவுக் கொள்கை வரப்போகிறது, அதற்கு அடித்தளம் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 51-வது பிரிவு பன்னாட்டு அமைதியை வளர்ப்பதை அரசின் கடமையாகச் சொல்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் இதில் இழுக்காதீர்கள். பொதுத்தேர்வு நெருங்கினால் பாடவேளை முதலில் பறிபோவது இந்த வகுப்புக்குத்தான்.

தொடங்க நல்ல மாதம் ஜூன். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருடத்தில் அப்பாவோ மாமாவோ வீட்டில் இருக்கும் காலம் அதுதான். அடுத்த படிக்கு அவர்கள் வேண்டும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

2. வீட்டுக் கணக்கெடுப்பு

நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து நம் வீட்டுக்கு அல்லது தெருவுக்கு வந்த பொருள். இங்கிருந்து வெளிநாடு போகும் பொருள். போய்வந்த மனிதர்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று இருந்தால் போதும்.

‘வீட்டுக்கு அல்லது தெருவுக்கு’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். முதல் வருடம் நான் ‘யார் அப்பா எல்லாம் வெளிநாட்டில்? கை தூக்குங்க’ என்று கேட்டேன். பாதி வகுப்பு கை தூக்கியது. பின்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை என்று இடைவேளையில் இன்னொரு பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து யாருடைய அப்பாவைப் பற்றியும் வகுப்பில் நேரடியாகக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதினாலும் பாடம் அதேதான்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ‘நீ சொல்லு, உங்க ஊர்ல எப்படி?’ என்று எழுப்பி நிற்க வைக்காதீர்கள். அந்தப் பிள்ளை பெரும்பாலும் இங்கேதான் பிறந்திருக்கும்.

என்னென்ன வரும் என்கிறீர்களா? கல்ஃப் பேரீச்சம்பழம், தலைவலித் தைலம், கம்பளிப் போர்வை என்று ஆரம்பிக்கும். கொஞ்சம் தூண்டினால் பாமாயில் வரும், உர மூட்டை வரும். போகும் பொருளில் மீன், ரப்பர், தோவாளைப் பூ, மணவாளக்குறிச்சித் தாது மணல், கிராம்பு, அண்டிப்பருப்பு. மனிதர்களில் நர்ஸ் அக்காக்கள், கப்பல் வேலைக்காரர்கள், ஈரான், சவுதி, பஹ்ரைனில் கூலிக்கு மீன்பிடிக்கப் போனவர்கள். இது போதும். வகுப்பு முழுக்க நடத்த இதற்குமேல் சரக்கு தேவையில்லை.

3. முதலில் உருண்டை, அப்புறம் வரைபடம்

பட்டியலில் வந்த ஊர்களை உடனே சுவர் வரைபடத்தில் குத்த ஆரம்பிப்பது அடுத்த தவறு. தட்டையான வரைபடம் பரப்பளவைப் பற்றிப் பொய் சொல்லும். வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. இதை முதலில் உருண்டையில் பார்த்துவிட்டால் பிறகு தட்டை வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

உருண்டையில் செய்ய ஒரு சோதனை. கன்னியாகுமரியில் நூலின் ஒரு முனையை வையுங்கள், பூமத்திய ரேகை வரை நேர் தெற்கே இழுத்து வெட்டுங்கள். அதே நூலை வடக்கே டெல்லிப் பக்கம் திருப்புங்கள். பாதித் தூரம்கூடப் போகாது. நாம் இருப்பது 8 டிகிரி வட அட்சத்தில், பூமத்திய ரேகை 900 கிலோமீட்டர். டெல்லி நேர்க்கோட்டில் 2,200 கிலோமீட்டருக்கு மேல். ‘அப்போ டெல்லியை விட பூமத்திய ரேகை பக்கமா சார்?’ என்று யாராவது கேட்பார்கள். பக்கம்தான் மக்களே. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படியை விடக் கூடாது.

இதன்பிறகு சுவர் வரைபடத்தில் நம் மாவட்டத்திலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் நூல் கட்டுங்கள். வரும் பொருளுக்கு ஒரு நிறம், போகும் பொருளுக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று. நான்காவது நிறம் வேண்டாம், குழம்பிவிடும்.

4. நேரக் கணக்கு

ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது, நம் திட்ட நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து, ஆகவே கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். துபாய், மஸ்கட் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விடை முன்பே தெரியும், எப்போது போன் வரும் என்பதை வைத்து. காரணம்தான் தெரியாது. கூட்டலா கழித்தலா என்று தடுமாறினால் உருண்டையைச் சுழற்றிக் காட்டுங்கள், சூத்திரம் எழுதிப் போடாதீர்கள்.

5. ஒரே ஒரு பொருளை முழுவதும் பின்தொடருங்கள்

மொத்த வகுப்பின் முதுகெலும்பு இந்தப் படி. மூன்று வாரம் ஒதுக்குங்கள். பட்டியலில் பத்துப் பொருள் இருக்கிறதே என்று பத்தையும் தொட்டால் எதுவும் நிற்காது. ஒன்றை எடுங்கள், அது பிறந்த இடத்திலிருந்து தின்னும் வாய் வரைக்கும் போங்கள்.

எனக்குப் பிடித்தது அண்டிப்பருப்பு, புத்தகத் தமிழில் முந்திரி. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் எந்தப் பள்ளியிலும் அம்மாவோ பாட்டியோ அண்டி ஆபீஸில் வேலை பார்த்த பிள்ளை இருக்கும். ஆனால் உடைக்கிற கொட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘விளையிலிருந்து’ என்பார்கள், அதாவது தோட்டத்திலிருந்து. பெரும்பகுதி இங்கே விளைவதில்லை. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி-பிசாவ், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பச்சைக் கொட்டையாகக் கப்பலில் வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை பிப்ரவரி வாக்கில் தொடங்கும், தான்சானியாவில் அக்டோபர் வாக்கில். இதைக் கரும்பலகையில் மாத வாரியாகப் போட்டால், பாட்டிக்கு எந்த மாதம் வேலை குறையும் என்பதைப் பிள்ளைகளே யோசித்துப் பார்ப்பார்கள்.

இங்கே வறுத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கிறார்கள். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பெட்டியில் எழுதியிருப்பது ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப் பருப்பு என்ற கணக்கு. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலை அதிகம். பிள்ளைகளுக்கு இது நல்ல புதிர்: 180 ஏன் 320-ஐ விட விலை கூடியது? விடையைச் சொல்லாமல் ஒரு நாள் தொங்கவிடுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருவார்கள், அம்மாவுக்குத் தெரிந்த ஒன்று பாடமாகிவிட்ட பெருமையும் கூடவே வரும்.

அடுத்து ஒரு நீளத் தாளில் சங்கிலி வரையுங்கள். ஆப்பிரிக்க விவசாயி, அங்குள்ள தரகர், கப்பல், தூத்துக்குடி அல்லது கொல்லம் பக்கத்து வியாபாரி, ஆலை, உடைக்கும் பெண், ஏற்றுமதியாளர், துபாயிலோ அமெரிக்காவிலோ உள்ள கடை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே கேள்வி: இங்கே விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? உடைக்கும் பெண் தீர்மானிப்பதில்லை. ஆப்பிரிக்க விவசாயியும் தீர்மானிப்பதில்லை. இறக்குமதி வரி டெல்லியில் முடிவாகிறது. வியட்நாம் இயந்திரத்தால் உடைத்துப் பெருமளவில் விற்கிறது, அதனால் நம் ஆலை கேட்கும் விலை கிடைக்காமல் போகலாம். இதையெல்லாம் வரைந்த பிறகு ‘உலக வணிகம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதிப் போடத் தேவையில்லை.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, உடனே தீர்ப்புச் சொல்வது. ‘பார்த்தீர்களா, எவ்வளவு சுரண்டல்’ என்று ஆசிரியர் முடித்துவிட்டால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். வேலை நின்றால் அந்தப் பாட்டி என்ன செய்வார் என்ற கேள்வியையும் சேர்த்து வையுங்கள்.

குலசேகரம், திருவட்டார் பக்கம் என்றால் ரப்பர் எடுங்கள். பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்கு ஷீட், ஒட்டுபால் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதிலிருந்து தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் போகலாம். கச்சா எண்ணெய் விலை குறைந்தால் செயற்கை ரப்பர் மலிவாகும், இயற்கை ரப்பரின் விலையும் இறங்கப் பார்க்கும். சித்தப்பா வேலை பார்க்கும் கல்ஃபுக்கும் அப்பா வெட்டும் மரத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். மலையோரம் என்றால் கிராம்பு. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஆனால் அந்த மரத்தின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள்.

6. கடலில் கோடு போடுவது யார்?

பொருளுக்குப் பிறகுதான் சட்டம். மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். சுண்ணாம்பால் ஒரு கரை வரையுங்கள். எட்டி வைக்கும் ஒரு காலடிக்குப் பத்து கடல் மைல் என்று வையுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஓரடிக்குச் சற்று மேலே 12 கடல் மைல்: நாட்டின் ஆட்சிக்கடல். இருபது அடியில் 200 கடல் மைல்: தனிப் பொருளாதார மண்டலம். இந்த அளவுகள் 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் உள்ளவை.

பிள்ளைகளுக்கு வரும் குழப்பம், 200 மைல் வரை ‘நம்ம கடல், வேறு யாரும் வரக் கூடாது’ என்பது. மீனும் கடலடிக் கனிமமும்தான் கரைநாட்டுக்கு உரியவை, அடுத்த நாட்டுக் கப்பல் அந்த வழியே போகலாம். ஒரு பிள்ளையைக் கப்பலாக நடக்கவிட்டுக் காட்டுங்கள்.

இப்போது இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டியாகோ கார்சியா தீவுக்கு நடக்கச் சொல்லுங்கள். நேர்க்கோட்டில் சுமார் 1,800 கிலோமீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 97 அடி. பள்ளி வாசலைத் தாண்டிவிடும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் அந்தக் கடல்வரை போய்ப் பிடிபட்டிருக்கின்றன. அங்கே 2010 முதல் வணிக மீன்பிடிப்புக்குப் பிரிட்டன் தடை போட்டிருக்கிறது. ஆனால் சாகோஸ் தீவுகள் பிரிட்டனுடையவையா என்பதே வழக்கு. பன்னாட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் மொரீஷியஸ் பக்கம் கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டன. நீதிமன்றக் கருத்து வந்து ஆறு வருடம் ஏன் ஆயிற்று என்று கேட்கவிடுங்கள். அந்தக் கேள்விதான் ஐ.நா. பாடத்துக்கு வாசல்.

பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, வெட்ஜ் பேங்க். குமரி முனைக்குத் தெற்கே உள்ள மீன்வளத் திட்டு. 1976-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஏற்பாட்டில் அது இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. இலங்கையின் ஆறு படகுகள் மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் அங்கே மீன்பிடிக்கலாம் என்றும் முடிவானது. ஒப்பந்தம் என்றால் யாரோ கைகுலுக்கும் புகைப்படம் அல்ல, படகு எண்ணிக்கையும் டன் கணக்கும்தான் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

7. செய்தியும் வாட்ஸ்அப்பும்

ஒரே வெளிநாட்டுச் செய்தியை இரண்டு நாளிதழ்களில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். கேள்விகள் மூன்று: இதைச் சொன்னது யார்? எந்தத் தேதி? யாருடைய குரல் இதில் இல்லை? நூலும் குண்டூசியும் தொடரட்டும், செய்தி வந்த ஊரை வரைபடத்தில் குத்தாமல் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

அடுத்து வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு வேலை விளம்பரம் ஒன்று. நம் மாவட்டத்தில் இதைச் சொல்லிக்கொடுக்காத உலக அறிவு வகுப்பு அரைகுறைதான். ஆள் அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், வகுப்பிலேயே ஒருமுறை பார்த்துக் காட்டுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும், தேறியவர்களுக்கு அது தேவையில்லை. படிப்பை நிறுத்தப் பார்க்கும் பையன்களிடம் இது வேலை செய்கிறது, அறிவுரை வேலை செய்வதில்லை.

8. போரும் மதமும் வகுப்புக்குள் வரும்போது

வரும், தவிர்க்க முடியாது. நம் வகுப்பறைகளில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். மேற்காசியாவைப் பற்றிய செய்தி வந்தால் வீட்டில் கேட்டதை இங்கே கொட்டுவார்கள்.

‘யார் சரி?’ என்று வாக்கெடுப்பு வைக்காதீர்கள். ஒருமுறை வைத்துவிட்டு, பிள்ளைகள் மதவாரியாகப் பிரிந்து நின்றதைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: யார் எதை இழந்தார்கள்? எந்த விதி மீறப்பட்டது? பதில் எழுத்தில், பெயர் இல்லாமல். அகதிகளைப் பற்றிப் பேசும்போது, 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஆனாலும் அடைக்கலம் தந்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் படம் கோணலாகிவிடும்.

9. கடைசியில் ஐ.நா. மாதிரி அவை

இரண்டு பாடவேளை போதும். முதல் நாள் பொதுச்சபை. 193 உறுப்பு நாடுகள், நாட்டுக்கு ஒரு வாக்கு. 140 கோடிக்கு மேல் மக்கள் உள்ள இந்தியாவுக்கும் ஒன்று, நம்மூர்ப் பஞ்சாயத்து அளவே உள்ள துவாலுவுக்கும் ஒன்று. இது நியாயமா என்று பேசவிடுங்கள்.

இரண்டாம் நாள் பாதுகாப்பு அவை. பதினைந்து நாற்காலி, அதில் ஐந்துக்கு வீட்டோ. தீர்மானம் நிறைவேற ஒன்பது வாக்கு வேண்டும், ஐவரில் ஒருவரும் எதிர்க்கக் கூடாது. பதினான்கு பேர் கை தூக்கி ஒருவர் மறுக்க, தீர்மானம் விழுவதை நடத்திக் காட்டுங்கள். பிள்ளைகள் கொதித்துப்போவார்கள். ‘அப்போ நாங்க எதுக்கு இருக்கோம்?’ என்று ஒரு பையன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

தலைப்பாக எந்தப் போரையும் எடுக்காதீர்கள். நடுக்கடலில் பழுதாகி நிற்கும் மீன்பிடிப் படகை எந்த நாடு மீட்பது என்பது எங்கள் வழக்கமான தலைப்பு. உண்மையில் பாதுகாப்பு அவையில் இது வராது, வாக்கு முறையைப் பழகத்தான் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

நாடுகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் அமெரிக்காதான் வேண்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். ஆங்கிலம் என்றால் மூன்று பேர் பேசுவார்கள், முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கோட்டு, டை வாடகைக்கு எடுத்துவரச் சொல்லும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு உருண்டை வாங்கலாம்.

10. மதிப்பெண்

தேர்வு வைக்காதீர்கள், ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: ‘எங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருள். அதன் விலையை அல்லது விதியை முடிவு செய்பவர்கள் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?’ நாடு ஒன்றாவது, முடிவெடுக்கும் இடம் ஒன்றாவது, எழுதியவரின் சந்தேகம் ஒன்றாவது அதில் இருந்தால் முழு மதிப்பெண். சந்தேகம் எழுதாதவர்களிடம் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

நல்ல தாள்களை அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள், எந்தப் பாடநூலையும் விட அவை உதவும். வரைபடத்தை அப்படியே சுருட்டாமல் நூலைக் கழற்றி, குண்டூசிகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். போன வருடம் ஒன்று குறைந்தது. ஆசிரியர் நாற்காலியில் இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன், உட்கார்ந்து.